ஒரு சொட்டில் முடியாத தேடல்

ஆணின் விந்தில் விந்தணு ஒன்றுகூடக் காணப்படாத நிலையை மருத்துவம் ‘அஸூஸ்பெர்மியா’, அதாவது விந்தணுவின்மை, என்று அழைக்கிறது. ஆண்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கும், குழந்தைப்பேறு வேண்டி மருத்துவரை நாடும் ஆண்களில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கும் இந்நிலை இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இந்த முடிவைத் தாங்கிய பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் குடும்பங்கள் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, ஒன்று வாய்மூடிக்கொள்கின்றன, அல்லது கோயில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டுக் காத்திருக்கின்றன. ஆனால் அந்தத் தாள் உண்மையில் தெரிவிப்பது, குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு முறையில் தேடியபோது விந்தணு கண்ணில் படவில்லை என்பதை மட்டுமே. எப்படித் தேடினார்கள், எவ்வளவு நேரம் தேடினார்கள், எத்தனை முறை தேடினார்கள் என்பதைப் பொறுத்து அதே மனிதருக்கு வேறு விடை கிடைக்க இடமுண்டு என்பதே கடந்த 30 ஆண்டுகளில் இத்துறை கண்டறிந்த முதன்மையான செய்தி.

இச்செய்தி பெருநகரங்களின் கருத்தரிப்பு மையங்களுக்கு வெளியே பரவ வேண்டிய தேவை கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில்தான் மிகுதி. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் மேற்கே கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்து, 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்த இம்மலையில், மலையாளிகள் என்னும் பழங்குடியினர் (கேரளத்து மக்கள் அல்லர், தமிழ் பேசுபவர்கள்) வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலும் சாமை, மரவள்ளி முதலியவற்றைப் பயிரிட்டு வாழ்கின்றனர். இம்மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தாமாக முன்வந்து வழக்கெடுத்து, சாலை, பேருந்து போன்ற அடிப்படை வசதிகளைப் பற்றி அரசைக் கேட்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, மலையிலிருந்து ஒருவர் நகரத்து ஆய்வகத்தை அடைவதன் சிரமம் விளங்கும்.

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலையும் ஒரு காரணமாகவோ, அதுவே தனிக் காரணமாகவோ அமைகிறது. எனினும் தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே இங்கும் முதலில் மருத்துவமனைப் படியேறுபவள் பெண்தான். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ச் சோதனை என்று அவள் உடலில் எல்லாம் பார்த்து முடித்த பிறகே, அதுவும் சில வீடுகளில் ஆண்டுகள் பல கழிந்த பிறகே, கணவனின் விந்து சோதிக்கப்படுகிறது. மலிவானதும் ஊசிகூடப் போடாமல் செய்யக்கூடியதுமான ஒரு சோதனை கடைசிக்குத் தள்ளப்படுவதால் அந்தப் பெண் சுமக்கும் ‘மலடி’ என்ற ஏச்சுக்கு, மருத்துவ நோக்கில் எந்த நியாயமும் கிடையாது.

ஆண்மையும் விந்தணுவும் ஒன்று என்ற எண்ணமே இந்தத் தாமதத்தின் வேர். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரங்களும், லாட்ஜில் அறையெடுத்து ‘ஆண்மைக் குறைவு’க்கு லேகியம் விற்பவர்களும் இந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கின்றனர். விந்து நீரின் பெரும்பகுதி விந்துப்பை எனப்படும் சுரப்பியிலிருந்தும், எஞ்சியதில் பெரும்பங்கு புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. விரையிலிருந்து விந்தணுக்களோடு வந்து சேரும் பங்கு மிகச் சிறியது. ஆகவே உடலுறவில் எக்குறையும் இல்லாத, விந்தின் அளவும் நிறமும் சரியாகவே இருக்கிற ஒருவரிடம் விந்தணு அறவே இல்லாதிருக்கலாம். வெறுங்கண்ணால் இதை அறிய வழியே இல்லை. 1677-ல் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ஆண்டனி வான் லீவன்ஹூக் தம் கையால் தேய்த்துச் செய்த வில்லையின் வழியே விந்தணுக்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய நாள்முதல் இன்றுவரை, நுண்ணோக்கிதான் இதற்கு அடிப்படைக் கருவி.

விந்தணு ஒன்று இருந்தாலும் போதும் என்ற நிலை 1992-ல் உருவானது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜான்பியரோ பலெர்மோவும் அவருடைய குழுவினரும், ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய கண்ணாடி ஊசியால் உறிஞ்சி நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறையில் கருத்தரிப்புகள் நிகழ்ந்ததை அவ்வாண்டில் வெளியிட்டனர். ‘இக்ஸி’ என்று இன்று தமிழ்நாட்டுத் தம்பதியரும் சரளமாகச் சொல்லும் சிகிச்சை இதுவே. அதற்கு முன்பு, லட்சக்கணக்கில் நீந்திச் செல்லும் விந்தணுக்கள் இல்லையெனில், ஐந்தாறு இருப்பதும் ஒன்றுமே இல்லாததும் மருத்துவருக்கு ஒன்றுதான். இக்ஸி வந்த பிறகு அந்த ஐந்தாறை எப்படியாவது கண்டுபிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எழுந்து, தேடும் முறைகள் ஒவ்வொன்றாக வளர்ந்தன.

கணக்கு சொல்வது என்ன?

சாதாரண விந்துப் பரிசோதனையில், 2 முதல் 7 நாள் உடலுறவின்றி இருந்த ஒருவர் தரும் விந்து, இறுக்கம் தளர்ந்து நீராகும்வரை 15 முதல் 60 நிமிடம் வைக்கப்பட்டு, நன்கு கலக்கப்பட்டு, அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் அளவுள்ள ஒரு சிறு சொட்டு கண்ணாடித் தகட்டில் இடப்பட்டு, மேலே மெல்லிய மூடுகண்ணாடி வைத்துப் பார்க்கப்படுகிறது. அத்தகட்டில் சொட்டு பரவி நிற்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. விந்தணுவின் தலையோ 4 முதல் 5 மைக்ரோமீட்டர் நீளமுடையது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்பதைக் கீழ் எல்லையாகக் குறிப்பிடுவதால், இயல்பானவரிடம் இந்தச் சொட்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை இருக்கும். அங்கே தேடல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஒருவர் தரும் 3 மில்லிலிட்டர் விந்தில் மொத்தமே 100 விந்தணுக்கள் இருப்பதாகக் கொள்வோம். 3 மில்லிலிட்டர் என்பது 10 மைக்ரோலிட்டர் சொட்டுகள் 300-க்குச் சமம். 100 விந்தணுக்களும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனிச் சொட்டில் விழுந்தாலும், குறைந்தது 200 சொட்டுகளில் ஒன்றுகூட இருக்காது. எனவே ஒரே சொட்டைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதும் ஆய்வகம், இப்படிப்பட்ட மூவரில் இருவரையாவது கைவிட்டுவிடும். இக்ஸிக்கோ, எடுக்கப்படும் கருமுட்டைகளின் எண்ணிக்கைக்கு ஈடாக உயிருள்ள விந்தணுக்கள் கிடைத்தால் போதும்.

இதனால்தான் கையேடு இரண்டாவது படி ஒன்றை வற்புறுத்துகிறது. விந்தைச் சோதனைக் குழாயில் ஊற்றி, ‘சென்ட்ரிஃபியூஜ்’ எனப்படும் சுழற்சிக் கருவியில், புவியீர்ப்பைப் போல் 3,000 மடங்கு விசையில் 15 நிமிடம் சுழற்றினால், நீரைவிடக் கனமானவை குழாயின் அடியில் படிகின்றன. மேலே நிற்கும் தெளிவை வடித்துவிட்டு, அடியில் வெண்மையாய்த் திரண்ட படிவை மிகச் சிறிதளவு திரவத்தில் கரைத்து, அதிலிருந்து இரு தகடுகள் தயாரித்து, ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைவரை வரிவரியாக ஒரு பார்வைப்புலத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். வெள்ளணுக்கள், முதிராத உருண்டைச் செல்கள், சிதைந்த செல்களின் துணுக்குகள் ஆகியவற்றுக்கு இடையே வாலோடு கிடக்கும் ஓர் அணுவைப் பிரித்தறிவதற்குப் பழகிய கண் தேவை, அவசரம் கூடாது. முதல் தகட்டில் தென்படாமல் இந்தப் படிவில் மட்டும் விந்தணு தென்படுமானால், அந்நிலை ‘கிரிப்டோஸூஸ்பெர்மியா’, அதாவது மறைந்திருக்கும் விந்தணு நிலை, என்று பெயர் மாறுகிறது. சிகிச்சையின் பாதையும் அறுவையிலிருந்து விலகிப் போகக்கூடும். விந்தணுவே இல்லை என்று சாதாரணப் பரிசோதனையில் முடிவு கட்டப்பட்ட ஆண்களின் விந்தை இவ்வாறு சுழற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் விந்தணு இருந்ததை 1998-ல் வெளியிட்டது. இன்னொரு நாளில் தரும் விந்தையும் இதேபோல் பார்த்த பிறகே விந்தணுவின்மை என்று எழுத வேண்டும் என்பது விதி. விந்தணு ஒன்று உருவாகி வெளிவர ஏறத்தாழ 3 மாதம் ஆவதால், இடையில் கடுங்காய்ச்சல் கண்டவருக்கு அக்காலம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை.

இந்தச் சுழற்சிக் கருவி விலையுயர்ந்ததன்று. இரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் சாதாரண லேப்களிலேயே சென்ட்ரிஃபியூஜ் உண்டு. தேவைப்படுவது கூடுதலாக ஒரு மணி நேர உழைப்பும், தாளில் ‘சுழற்றிய படிவு பார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதும் ஒழுங்கும்தான். அந்த வரி இல்லாத அறிக்கையை நம்பி எந்தத் தம்பதியும் வாழ்க்கை முடிவுகளை எடுக்கலாகாது.

மலையில் வாழ்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு. விந்தணுக்களின் நீச்சலை அளக்க, விந்து வெளிவந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும். அதுவரை உடல்சூட்டை ஒட்டிய வெப்பத்தில் வைத்திருக்கவும் வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் வீட்டிலேயே எடுத்து, வளைவுச் சாலையில் பேருந்து பிடித்துக் கச்சிராயபாளையம் வழியே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவருவது இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஆய்வகத்தை ஒட்டிய தனியறையில் தருவதே வழி. ஆனால் அப்படி ஓர் அறை இல்லாமல் பொதுக் கழிப்பறையைக் காட்டிவிடும் இடங்களில், கூச்சத்திலும் அவசரத்திலும் முதலில் வெளிவரும் பகுதி குப்பிக்கு வெளியே சிந்திவிடுகிறது. விந்தணுக்களின் பெரும்பங்கு அந்த முதற்பகுதியில்தான் இருக்கிறது என்பதால், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் இல்லாததே ஒருவரின் முடிவை மாற்றிவிடலாம்.

அடைப்பா, ஆக்கக் குறைவா?

இரு முறை சுழற்றிப் பார்த்தும் விந்தணு இல்லையெனில், விரையில் உற்பத்தியாகியும் வரும் வழி அடைபட்டிருக்கிறதா, உற்பத்தியே குன்றியிருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண்பதில் பாதி வேலையை மருத்துவரின் விரல்களே செய்துவிடும். விரையின் அளவைத் தொட்டறிந்து, விதைப்பையின் மேற்பகுதியில் கயிறுபோல் தட்டுப்படும் விந்துக்குழாய் இருபுறமும் உள்ளதா என்று பார்ப்பதற்கு ஸ்கேன் தேவையில்லை. பிறவியிலேயே இருபுறமும் இக்குழாய் அமையாதவர்கள் உண்டு. அவர்களிடம் விந்துப்பையும் பெரும்பாலும் வளர்ச்சியற்றிருப்பதால், விந்தின் அளவு குறைந்து, அமிலத்தன்மை கூடி, அச்சுரப்பி தரும் ஃப்ரக்டோஸ் என்னும் சர்க்கரையும் காணப்படாது. ரிசார்சினால் கலந்த அமிலத்தோடு விந்தைச் சேர்த்துச் சூடாக்கினால், ஃப்ரக்டோஸ் இருக்கும் குழாய் செம்மஞ்சளாகச் சிவக்கும், இல்லாத குழாய் நிறம் மாறாமல் நிற்கும். எளிய ஆய்வகத்தில் சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை, பல்லாயிரம் ரூபாய் ஸ்கேன்களுக்கு முன்பே திசை காட்டிவிடுகிறது.

மூளையடிச் சுரப்பி வெளியிடும் எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன் விரையின் உற்பத்தியைத் தூண்டுவது. உற்பத்தி குன்றும்போது அது இரத்தத்தில் ஏறுகிறது. எஃப்.எஸ்.எச். 7.6 அலகுக்கு மேற்பட்டு, விரையின் நீளம் 4.6 சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் உற்பத்திக் குறைவென்றும், இரண்டும் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் அடைப்பென்றும் கொள்வது வழக்கம். எஃப்.எஸ்.எச். மிகக் குறைந்திருப்பவர் மூன்றாவது வகை. மூளையடிச் சுரப்பியின் தூண்டுதல் இன்மையால் வரும் இந்நிலைக்கு ஹார்மோன் ஊசிகளாலேயே விந்தணு உற்பத்தியைத் தொடங்கிவைக்க முடியும். இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம்: உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கவும், சில வேளை ‘பலம்’ கூட்டவும் போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மூளையின் தூண்டுதலை அடக்கி, இருந்த விந்தணுக்களையும் இல்லாமல் செய்துவிடும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அவை திரும்பும், ஆனால் மாதங்கள் ஆகும்.

நீரிழிவு முற்றிய சிலரிடம் விந்து முன்னோக்கி வராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிச் சென்றுவிடுகிறது. உடலுறவின் உச்சத்துக்குப் பின் கழிக்கும் சிறுநீரைச் சுழற்றிப் பார்த்தால் அதில் விந்தணுக்கள் தென்படும். முன்கூட்டியே சோடாஉப்பு கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தைத் தணித்துவைத்தால் அவற்றைச் சிகிச்சைக்கே பயன்படுத்தலாம். சர்க்கரை நோய் இவ்வளவு பரவியுள்ள ஒரு மாநிலத்தில் இச்சோதனை அடிக்கடி மறக்கப்படுவது வருத்தத்துக்குரியது. இதேபோல், ‘பொன்னுக்கு வீங்கி’ பருவ வயதுக்குப் பின் வந்து விரையும் வீங்கியதா, சிறுவயதில் விரை இறங்காமல் இருந்ததா, குடலிறக்க அறுவை நடந்ததா என்று கேட்கும் நான்கைந்து கேள்விகளுக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

உற்பத்திக் குறைவுள்ளவர்களுக்கு மரபணுச் சோதனை செய்யப்பட வேண்டும். ஆணின் ஒய் குரோமோசோமில் ஏ.இசட்.எஃப். எனப்படும் பகுதி அறுந்துபோயிருந்தால் விந்தணு உருவாவது தடைப்படும். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் கே. தங்கராஜும் குழுவினரும் இந்திய ஆண்களில் விந்தணு இல்லாத 340 பேரைச் சோதித்து, 8.5 விழுக்காட்டினரிடம் இந்த அறுபடலைக் கண்டதாக 2003-ல் வெளியிட்டனர். இப்பகுதியின் மூன்று கூறுகளில் ‘ஏ’ அல்லது ‘பி’ முழுமையாக அறுந்தவரிடம் அறுவை செய்தாலும் விந்தணு கிடைப்பதற்கு ஏறக்குறைய வாய்ப்பே இல்லை. ‘சி’ மட்டும் அறுந்தவரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கிடைக்கும், ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை செல்லும். பயனற்ற ஓர் அறுவையையும் அதற்காக விற்கப்படும் நிலத்தையும் நகையையும் ஒரு குழாய் இரத்தம் காப்பாற்றிவிட முடியும் என்பதால், அறுவைக்கு முன் இச்சோதனையைக் கேட்டுப் பெறுவது தம்பதியரின் உரிமை.

விரைக்குள் தேடல்

அடைப்பு உள்ளவரிடம் விந்தணு எடுப்பது எளிது. விரையிலோ அதன் மேலமைந்த சுருள்குழாயிலோ ஊசி செலுத்தி உறிஞ்சினாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். உற்பத்தி குன்றியவரிடம்தான் உண்மையான தேடல். விரைக்குள் பல நூறு மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கும் நுண்குழல்களில் பெரும்பாலானவை வெறுமையாக இருக்க, ஏதோ ஒரு மூலையில் சில குழல்களில் மட்டும் உற்பத்தி தொடர்ந்துகொண்டிருக்கலாம். குருட்டாம்போக்கில் ஊசி குத்தினால் அந்த மூலை அகப்படுவது தற்செயலே.

நியூயார்க்கின் பீட்டர் ஷ்லெகல் 1999-ல் வெளியிட்ட ‘மைக்ரோ டெசி’ முறை இதற்கு விடையாக வந்தது. மயக்க மருந்து கொடுத்து, விரையின் வெண்ணிற உறையை நடுவில் குறுக்காகத் திறந்து, 15 முதல் 25 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அறுவை நுண்ணோக்கியின் கீழ்க் குழல்களை மருத்துவர் ஒவ்வொரு பகுதியாக விலக்கிப் பார்க்கிறார். வெறுமையான குழல்கள் மெலிந்து, ஒளி ஊடுருவும் மஞ்சள் இழைகளாகத் தெரிகின்றன. உற்பத்தி நடக்கும் குழல் சற்றுப் பருத்து, பால்போல் வெளுத்து, ஒளி புகாமல் நிற்கிறது. அத்தகைய இழை ஒன்றை மட்டும் கிள்ளியெடுத்து அடுத்த அறைக்கு அனுப்ப, அங்கே கருவியல் வல்லுநர் அதை நுணுக்கி, பிதுக்கி, மணிக்கணக்கில் தேடுகிறார். இரத்த நாளங்கள் சிதையாமலும் மிகக் குறைந்த திசுவோடும் முடிவதால், முன்பிருந்த திறந்த அறுவையைவிட இது பாதுகாப்பானது; ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுதலாக விந்தணுவும் தருகிறது. ஆயினும் 100 பேரில் 40 முதல் 60 பேருக்கே இது கைகொடுக்கிறது.

கிடைக்கும் அணுவும் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். அது உயிருள்ளதா என்று சாயம் ஏற்றிப் பார்த்தால் அணு கெட்டுவிடும் என்பதால், ஆர்.எஸ். ஜெயேந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1984-ல் விவரித்த ஒரு நுட்பம் இங்கு உதவுகிறது. உப்படர்த்தி குறைந்த திரவத்தில் அணுவை இட்டால், உயிருள்ள அணுவின் உறை நீரை உள்ளிழுத்துக்கொள்ள, அதன் வால் மெல்லச் சுருண்டு வளைகிறது. இறந்ததன் வால் நீண்டபடியே கிடக்கிறது. சுருண்ட வாலைக் கண்டதும் வல்லுநர் அதை எடுத்துக் கழுவிக் கருமுட்டைக்குள் செலுத்துகிறார்.

கத்தியின்றி முன்கூட்டியே அறியும் வழிகளும் வளர்ந்துவருகின்றன. கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள், விந்து நீரில் டெக்ஸ்101, ஈசிஎம்1 என்னும் இரு புரதங்களின் அளவைக்கொண்டு அடைப்பையும் ஆக்கக் குறைவையும் பிரித்தறியலாம் என்று 2013-ல் காட்டினர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெவ் வில்லியம்ஸ் தலைமையிலான குழு, நுண்வாய்க்காலில் விந்தை ஓடவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் லட்சக்கணக்கான படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவால் விந்தணுவை அடையாளம் கண்டு, அத்துளியை மட்டும் தனியே பிரிக்கும் கருவியை உருவாக்கி, ஏறத்தாழ 20 ஆண்டு காத்திருந்த ஒரு தம்பதிக்கு அதன்வழி கரு உண்டானதை 2025-ல் அறிவித்தது. இக்கருவி நம் ஊர்களை எட்ட நாளாகும். ஆனால் அதன் அடிப்படை, ஒரு சொட்டோடு நில்லாமல் முழு விந்தையும் பார்ப்பது என்பதுதான். அதைச் சுழற்சிக் கருவியும் பொறுமையும் கொண்டு இன்றே பெருமளவு செய்ய முடியும்.

கள்ளக்குறிச்சிக்கு அருகே சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில், படிவுச் சோதனை, ஃப்ரக்டோஸ், சிறுநீர்ச் சோதனை, ஹார்மோன் அளவு, விரல்பரிசோதனை ஆகிய ஐந்தும் ஒரே நாளில், தனியறை வசதியோடு நடைபெறுமானால், மலையிலிருந்து இறங்கிவரும் ஒருவர் ஒரு நாள் கூலியை இழப்பதோடு தம் நிலையைப் பெருமளவு தெளிந்து திரும்பலாம். அதன் பிறகே சேலத்துக்கோ சென்னைக்கோ செல்லும் செலவுக்குப் பொருளுண்டு. அங்கே செல்பவர்களும், கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மையம் பதிவு பெற்றுள்ளதா, அறுவை அன்று கிடைக்கும் அணுக்களை உறையவைத்துக் காக்கும் வசதி அங்கேயே உள்ளதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் 10 ஆண்டுவரை அவற்றைச் சேமிக்க இடமளிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் விந்தணு கிடைக்காத தம்பதியர் கணிசமாக இருப்பார்கள். அவர்களிடம் இதை மறைக்காமல் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. பதிவு பெற்ற வங்கியிலிருந்து கொடையாளியின் விந்தணுவைப் பெற்றுக் கருத்தரித்தால், பிறக்கும் குழந்தை சட்டத்தின் பார்வையில் அத்தம்பதியின் சொந்தக் குழந்தையே. கொடையாளிக்கு எவ்வித உரிமையும் இல்லை. தத்தெடுக்க விரும்புவோர் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். முன்பு நீதிமன்றத்தில் பெறவேண்டியிருந்த தத்தெடுப்பு ஆணையை, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.